வில்லன் பிரகாசத்தின் முகம்

மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் நின்றிருந்த குஸ்தி கான்ட்ராக்டர் சம்பங்கியின் முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

கைதட்டல் கதாநாயகனுக்கு இல்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த கதாநாயகப் பயில்வான் ராமண்ணா, பளபளக்கும் நீல அங்கியோடு மேடையின் ஒரு மூலையில் விழித்துக்கொண்டு நின்றார். எதிர் மூலையில், 'தங்கத் திருடன்' என்று சற்று முன்பு நான் மைக்கில் அறிவித்த ஆள் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாய்க்குள் தங்கம் வைத்திருக்கிறானாம்.

"வுடாத பிரகாசம்! போட்டுச் சாத்து!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. வில்லனுக்குத்தான் அந்த உற்சாகம்.

சம்பங்கி என் காதருகே குனிந்தார். "இன்னா சம்முகம் இது? திருடன்னு சொல்லி வுட்டா கை தட்றாங்களே?"

நான் மைக் வயரைச் சரிசெய்தேன். பதிலைப் பிரகாசமே ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தான். கேட்காதவர்களுக்கு இரண்டாம் முறை சொல்லும் பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மைக்கைப் பிடித்த கதை

இந்தத் தொடரை விடாமல் படித்து வருபவர்களுக்கு, தங்கச் சுரங்கங்களை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் நான் வைத்திருந்த மைக் செட் கடை பழக்கமானதுதான். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: அப்பா எண்ணெய்க் கடை வைத்திருந்தார். அதை ஒட்டியிருந்த சின்ன அறையில் நான் ரேடியோ பழுது பார்த்தேன், மைக் செட் வாடகைக்கு விட்டேன். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் குழாய்தான் மரத்தில் ஏறும்.

குஸ்திக்கும் அப்படித்தான் போனேன். பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் சம்பங்கியின் ஃப்ரீஸ்டைல் குஸ்திக் கம்பெனி பெங்களூரிலிருந்து வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சண்டை. பகலெல்லாம் நான் ஜட்கா வண்டியில் குழாயைக் கட்டிக்கொண்டு நந்திதுர்க் வரை போய்க் கத்திவிட்டு வருவேன். சாயங்காலம் மேடையோரம் உட்கார்ந்து பயில்வான்களை அறிவிப்பேன்.

யார் ஜெயிக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே பேசி வைத்ததுதான். ஜனங்களுக்கு இது தெரியுமா என்று சிலர் இப்போது கேட்கிறார்கள். பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை. வாரமெல்லாம் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது கெட்டவன் மண்ணைக் கவ்வ வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அதனால் நல்ல கெட்டவன் கிடைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய விஷயம். கதாநாயகனுக்கு உடம்பு இருந்தால் போதும். கெட்டவனுக்கு எல்லாமே இருக்க வேண்டும்.

இட்லி தின்ற கரடி

சம்பங்கிக்கு இந்த விஷயம் கடைசிவரை புரியவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை, எல்லோருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு போடுவார். ஆனால் வில்லன் என்றால் உதை வாங்குகிறவன், அதற்கு மேல் எதுவுமில்லை என்று நினைத்தார். அந்த ஒரு நினைப்பாலேயே எத்தனையோ நல்ல ஆட்களைப் பாழாக்கினார்.

ஒரு வருஷம் 'சைபீரியக் கரடி' என்று ஒருவனைக் கூட்டி வந்தார். ஆள் அரக்கோணத்துக்காரன், ஆங்கிலோ இந்தியன், மலை மாதிரி இருப்பான். முதல் ஞாயிறு அவன் உறுமிய உறுமலில் முன்வரிசையில் இருந்தவர்கள் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார்கள்.

மறுநாள் காலை அவன் எங்கள் கடைவீதி ஓட்டலில், அவனை அடித்து வீழ்த்திய கதாநாயகனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். 'இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க' என்று சுத்தமான தமிழில் கேட்டானாம். ஷிப்ட் மாறுவதற்குள் செய்தி சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் வரை போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவன் உறுமியபோது ஜனங்கள் "சாம்பார்! சாம்பார்!" என்று கத்தினார்கள். அவன் பாவம், அழாத குறையாகச் சண்டை போட்டான்.

இன்னொரு வருஷம் ஒரு மராட்டியப் பயில்வான். கண்ணைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அவனை முதல் நாளே தோற்க வைத்தார் சம்பங்கி. கெட்டவன் முதலில் ஜெயிக்க வேண்டும் ஐயா! அவன் நாலு பேரை நாசம் பண்ணினால்தானே ஐந்தாவதாக வருகிறவன் கதாநாயகன்? இதைச் சொன்னதற்கு, "நீ மைக்கப் பாத்துக்க" என்றார். நானும் மைக்கைப் பார்த்துக்கொண்டேன்.

டிம்பர் கேங்கிலிருந்து வந்தவன்

ஞானப்பிரகாசம் சாம்பியன் ரீப்ஸில் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் இருந்தவன். சுரங்கத்தில் டிம்பர் கேங்கில் வேலை, அதாவது தோண்டிய இடம் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற கூட்டத்தில். ஓய்வு நேரத்தில் குஸ்திக் கொட்டகையில் கிடப்பான். சம்பங்கியின் ஆட்களில் ஒருவனுக்குக் கால் பிசகியபோது, ஒருநாளுக்கு மட்டும் என்று மேடையில் ஏற்றப்பட்டவன்.

அந்த ஒருநாளிலேயே நான் மைக்கை மடியில் வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுவது ஒரு கலை. ராமண்ணா லேசாகத்தான் தட்டுவார், அவருக்குக் கை வலிக்கும். பிரகாசம் அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு காலை உயர்த்தி, முதுகு படிய, உள்ளங்கையால் பலகையை அறைந்து விழுவான். 'தடால்' என்று ஒரு சத்தம் எழும். ராமண்ணாவின் கையில் இடி இருப்பதாக ஊர் நம்பியது. அந்த இடியை உண்டாக்கியவன் கீழே கிடந்தான்.

அதைவிடப் பெரியது அவன் முகம். கத்த மாட்டான், பல்லைக் கடிக்க மாட்டான். மேடைக்கு வந்ததும் கூட்டத்தை இடமிருந்து வலமாக நிதானமாகப் பார்ப்பான். யாரோ ஒருவரிடம் வந்து பார்வை நிற்கும். அந்த ஆள் நெளிவார். பிறகு அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் குளிர் எடுக்கும்.

அவன் மனைவி ஸ்டெல்லா ஒருமுறை பழுதான ரேடியோவைக் கொடுக்க வந்தபோது சொன்னாள்: "வூட்ல சோறு போடறப்பகூட அப்டி ஒரு பார்வ பாக்கறாருண்ணா. எனக்குக் கரண்டி கையில நிக்கல. அப்புறம் அவரே சிரிச்சிடறாரு. எந்தப் பேய் வந்து கத்துக் குடுத்துச்சோ."

குறைப்பட்டுக்கொள்வது மாதிரிதான் ஆரம்பித்தாள். ஆனால் அவள் முகத்தில் பெருமை ஒளிந்திருந்ததை நான் பார்த்தேன்.

பிரகாசத்துக்கு ஒரே ஆசைதான். சம்பங்கியின் கம்பெனியில் நிரந்தரமாகச் சேர வேண்டும். பெங்களூர், மைசூர், ஹூப்ளி என்று ஊர் ஊராகப் போய் வில்லனாகவே வாழ வேண்டும். "கதாநாயகனா ஆவணும்னு ஆச இல்லையாபா?" என்று கேட்டேன். "அது எதுக்குண்ணா? ஜனங்க அவரப் பாத்து கை தட்டுவாங்க. என்னப் பாத்தாத்தான் மூச்ச புடிச்சிக்கினு குந்துவாங்க" என்றான்.

சம்பங்கியும் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த சீசன் நல்லபடியாகப் போனால் கூட்டிக்கொண்டு போவதாக.

திருடனுக்கு வந்த கைதட்டல்

இப்போது அந்தக் கைதட்டலுக்குத் திரும்புகிறேன்.

பிரகாசத்துக்குத் 'தங்கத் திருடன்' என்று பேர் வைத்தது சம்பங்கி. "தங்கம் தோண்டுற ஊர்ல தங்கம் திருடறவனத்தான் காறித் துப்புவாங்க. இது தெரியாமலா தொழில் நடத்தறேன்?" என்றார்.

பிரகாசம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "அண்ணா, இங்க இது எடுபடாதுண்ணா. இங்க கீறவங்க எல்லாரும் தெனம் சோதனையில நிக்கறவங்க."

"சும்னே இருப்பா நீ" என்று பாதிக் கன்னடத்தில் அவனை அடக்கினார் சம்பங்கி.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வருகிற தொழிலாளி நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. சோதனைக் கொட்டடியைத் தாண்ட வேண்டும். கையைத் தூக்கு, வாயைத் திற, தலைமுடியை உதறு. வாழ்நாளில் ஒரு குண்டுமணித் தங்கத்தைக் கண்ணால் பார்த்திராதவனுக்கும் இதேதான். மகன் பார்க்க நிற்க வேண்டிவரும், மருமகன் பார்க்க நிற்க வேண்டிவரும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஜனங்கள் முன்னால், மேடையில் ரெஃப்ரி பிரகாசத்தைச் சோதனை போட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தான், உள்ளே ஒன்றுமில்லை. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கிவிட்டு, கூச்சம் தாங்காதவன் மாதிரி நெளிந்தான். ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பியதும் எங்கிருந்தோ தங்கம் மாதிரி ஒரு ஜிகினாத் துண்டை எடுத்து ஜனங்களுக்குக் காட்டி, மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டான்.

சிரிப்பா அது! கண்ணில் நீர் வழிய, ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த மைதானம் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்புறம்தான் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசியில் பேசி வைத்தபடி ராமண்ணா ஜெயித்தபோது அவருடைய நீல அங்கி மேல் ஆரஞ்சுத் தோல் வந்து விழுந்தது.

மூளை உள்ள எவனும் அந்த இடத்தில் என்ன செய்வான்? திருடனை அப்படியே வைத்துக்கொண்டு வாராவாரம் கூட்டத்தைக் கூட்டுவான். ஜனங்கள் ஆசையோடு நேசிக்கிற வில்லன் எங்கே கிடைப்பான்? நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சம்பங்கிக்கு ராமண்ணாவின் கோபம்தான் பெரிதாகத் தெரிந்தது. "வில்லனுக்குக் கை தட்டுனா அது குஸ்தியா, டிராமாவா?" என்றார்.

காக்கி

அடுத்த வாரம் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பிரகாசத்தையும் வரச் சொல்லியிருந்தார். கையில் ஒரு காக்கிச் சட்டை, ஒரு தொப்பி.

"இவங்களுக்கு யாரப் புடிக்காதுன்னு இப்பத் தெரிஞ்சிபோச்சு. சோதனை போடறவன். நீ இந்த வாரம் அவன். பேரு 'இன்ஸ்பெக்டர் இடும்பன்'. கூட்டத்துல ஒருத்தனக் கூப்ட்டு சோதனை போடு. சிரிப்பாங்க, திட்டுவாங்க. ராமண்ணா வந்து உன்னப் பொரட்டி எடுப்பாரு. மைதானம் கிழியும்."

பிரகாசம் சட்டையைத் தொடவில்லை. "அது வாணாம்ணா. திருடன் வெளாட்டு. இது வெளாட்டு இல்ல."

"பெங்களூர் வர்ற ஆச கீதா, இல்லியா?"

வெளியே ஜட்காக் குதிரை தலையை ஆட்டும் மணிச் சத்தம் கேட்டது. பிறகு அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் ஒரு ஏற்பாடு செய்தான். குஸ்திக் கொட்டகைச் சிநேகிதன் யேசுபாதத்தை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தான். இவன் விரலை மடக்கிக் கூப்பிட்டால் யேசுபாதம் எழுந்து வந்து, கூத்தடித்து, ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஊர்க்காரர் யாருக்கும் மனம் நோகக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

அந்த ஞாயிறு காற்று அதிகம். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி எழுந்து மைதானத்தில் படிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அறிவித்தேன். பிரகாசம் காக்கியில் வந்தான்.

முதலில் ஊளை. சந்தோஷமான ஊளைதான். சம்பங்கி என்னைப் பார்த்து, 'சொன்னேன் பார்த்தாயா' என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

ஆனால் பிரகாசம் வில்லன் மாதிரி நடக்கவில்லை. மீசையை முறுக்கவில்லை, முறைக்கவில்லை. சலித்துப்போனவனாக வந்தான். நாள் முழுக்க ஆட்களைத் தடவித் தடவி அலுத்துப்போய், எதிரே நிற்பவன் மனுஷன் என்பதையே மறந்துவிட்டவனின் கண் அது. அவன் அந்தக் கண்ணைத் தினமும் பார்க்கிறவன். அப்படியே கொண்டுவந்து மேடையில் நிறுத்திவிட்டான்.

ஊளை குறைந்தது. பிறகு நின்றே போனது.

அவன் மேடை ஓரத்துக்கு வந்து, மூன்றாம் வரிசையைப் பார்த்து, ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கினான்.

யேசுபாதம் எழவில்லை. அவனும் மற்றவர்கள் மாதிரி உறைந்துபோயிருந்தான் என்று பிறகு சொன்னான்.

முன்வரிசையில் ஆசீர்வாதம் என்று ஒரு பெரியவர், தலை முழுக்க நரைத்தவர், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டருகே மணி அடிக்கிறவர், மனைவி மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்த விரலைப் பார்த்ததும் அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை மகளிடம் கொடுத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். வாயைத் திறந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு ஜனங்கள் இருந்த இடத்தில், என் குழாயில் காற்று உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா பண்றீங்க? குந்துங்க. வேல எடமா இது? குந்துங்க."

அவர் காதில் அது விழவில்லை. கை அப்படியே நின்றது. மகள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பிரகாசம் தொப்பியைக் கழற்றினான். கயிற்றைத் தாண்டிக் கீழே குதித்து, அவர் முன்னால் போய் நின்று, அவருடைய இரண்டு கையையும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான். "நான்தாங்க பிரகாசம். டிம்பர் கேங் பிரகாசம். குந்துங்க" என்றான். அப்போதுதான் அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

சண்டைக்கு முன்பே

அந்த மைதானத்தில் நான் எத்தனையோ ரகளைகளைப் பார்த்திருக்கிறேன். செருப்பு பறக்கும், பெஞ்சு பறக்கும். அன்றைக்கு எதுவும் பறக்கவில்லை. ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், வரிசை வரிசையாக. ராமண்ணா மேடையில் ஏறி நின்றபோது அவரைப் பார்க்கப் பாதி மைதானம்கூட இல்லை.

சம்பங்கி என் தோளை உலுக்கினார். "சொல்லுய்யா, இன்னும் சண்டை கீதுன்னு சொல்லு!" நான் மைக்கை அணைத்துவிட்டேன். சுருட்டிய வயரைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் நடந்தேன்.

மறுநாள் கூண்டில் இறங்கும்போது பிரகாசத்தோடு யாரும் பேசவில்லையாம். ஆசீர்வாதம்தான் வழக்கம்போல மணி அடிக்கும் இடத்தில் நின்றிருந்தவர், அவனைப் பார்த்து, "உன் மேல தப்பு இல்லபா. கை தானா எழுந்துக்கிச்சி" என்றிருக்கிறார். பிறகு மணியை அடித்துக் கூண்டை இறக்கினார். அதற்கப்புறம் அவர் குஸ்தி பார்க்கவே வரவில்லை.

இதை என்னிடம் சொல்லும்போது பிரகாசம் அழுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றான். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டீ வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

அத்தோடு அவன் பெங்களூர் ஆசை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சீசன் முடிந்து கிளம்பும்போது சம்பங்கி அவனைக் கூப்பிட்டுவிட்டார். நன்றாக விழத் தெரிந்த ஆள் அவருக்கு வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் பண்றான்" என்றார் என்னிடம். "ரொம்ப நல்லா பண்றான். அதான் பயமா கீது. குஸ்தி பாக்க வர்றவன் சிரிச்சிக்கினு வூட்டுக்குப் போவணும் சம்முகம். இவன் மூஞ்சியப் பாத்தா ஜனங்க எந்திரிச்சிப் போறாங்க."

பிரகாசத்துக்கு அதெல்லாம் தெரியாது. கூப்பிட்டார்கள், அது போதும் அவனுக்கு. வேலையை விட்டான். வேலை போனால் லைன் வீடும் போய்விடும். ஸ்டெல்லா இரண்டு பிள்ளைகளோடு ஆண்டர்சன்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனாள். போகும் வழியில் ரேடியோவை வாங்கிக்கொள்ளக் கடைக்கு வந்தவளிடம், அவசரப்பட்டுவிட்டீர்களோ என்று கேட்டேன்.

"வேலைய வுட்டாச்சு, வூட்டக் காலி பண்ணியாச்சு" என்றாள். "இனிமே அவரு மூஞ்சிதாண்ணா எங்களுக்குச் சோறு."

கறுப்பு, சிவப்பு

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு ரேடியோ வால்வு வாங்கப் பெங்களூர் போயிருந்தேன். சந்தைக்குப் பக்கத்துச் சுவரில் சம்பங்கி கம்பெனியின் போஸ்டர். ராமண்ணாவின் படம் பெரிதாக இருந்தது. பிரகாசத்தைத் தேடினேன். படமும் இல்லை, பேரும் இல்லை. மூலையில், முகம் முழுக்கத் துணியால் மூடிய ஒருவன் படம் இருந்தது. 'இருட்டு மனிதன்' என்று போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். மூன்றாவது சண்டையாக இருட்டு மனிதன் வந்தான். கழுத்துவரை கறுப்புத் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வந்தான், ஓர் அடி வாங்கினான். காலை உயர்த்தி, உள்ளங்கை பலகையை அறைய, 'தடால்' என்று விழுந்தான்.

அது எனக்குத் தெரிந்த சத்தம். எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கம் போனேன்.

பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, முகமூடியை நெற்றிவரை ஏற்றிவிட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். முகம் வெந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணா! எப்ப வந்தீங்க? ஊர்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"அது இருக்கட்டும். இன்னாபா இது?"

"முகமூடிண்ணா." சிரித்தான். "மூஞ்சி வாணாமாம். வுழறது மட்டும்தான் என் வேலையாம்."

"நீ ஒத்துக்கினியா?"

"எங்கண்ணா போறது? சொரங்கத்து ரிஜிஸ்டர்ல என் பேர அடிச்சிட்டாங்க."

"ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியாதுண்ணா. நோட்டீஸ்ல போட்டோ வந்தா அனுப்புங்கன்னு எழுதிக்கினே கீறா. பிரஸ்ல லேட்டாவுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

சரி என்றேன். உள்ளே மைக்கில் யாரோ அடுத்த சண்டையை அறிவித்துக்கொண்டிருந்தான். காது கூசும்படியான அறிவிப்பு. பிரகாசம் குனிந்து பையிலிருந்து ஒரு சிவப்பு முகமூடியை எடுத்தான்.

"இன்னொரு வாட்டி வுழணும்ணா. இது 'செவப்புப் பூதம்'. வேற ஆளுன்னு நெனைச்சிப்பாங்க."

என் முகத்தைப் பார்த்து அவனுக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். கறுப்பைக் கழற்றிச் சிவப்பை மாட்டிக்கொண்டே, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னான்:

"உள்ள செஞ்சிக்கினுதாண்ணா கீறேன்."

"இன்னாத்த?"

"மூஞ்சிய. பாக்கறது, சிரிக்கிறது எல்லாத்தையும். ஒரு சண்டகூட வுடல. வுட்டுட்டா மறந்துடும் இல்லண்ணா?"

நான் திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவன் மேடை ஏறினான். இடமிருந்து வலமாக, நிதானமாக, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒருவர்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. கடலைக்காரன் குறுக்கே போனான். கன்னத்துப் பக்கம் துணி லேசாக அசைந்துகொண்டே இருந்தது. என்னிடம் வந்ததும் அந்தத் தலை நின்றது, துணி இன்னொருமுறை அசைந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது.

பக்கத்தில் இருந்தவர் கடலைத் தோலை ஊதிவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "இவன் ஒண்ணுமில்ல சார், சும்மா வுழறவன். அடுத்த சண்டையிலதான் நல்ல வில்லன் வர்றான்" என்றார்.